ஸ்பெயின் கிராமங்களுக்குள் குதிரையில் ஒரு வாரம்: இதுவரை குதிரை ஓட்டாதவர் போகலாமா?

கொட்டகலை டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். தோட்டப் பாடசாலையில் பதினாறு வருடமாகப் படிப்பிக்கிறேன். பாரிஸில் இருக்கும் தங்கச்சி அடுத்த வருடம் வரச்சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். டிக்கட்டை அவள் பார்த்துக்கொள்கிறாளாம், மற்றச் செலவுக்கு மூன்று வருடமாகச் சீட்டுக் கட்டிச் சேர்த்த காசு என்னிடம் இருக்கிறது. ஈபிள் கோபுரத்தைப் பார்த்துவிட்டு வந்தால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் ஸ்பெயினில் ஆட்கள் குதிரையில் ஏறி ஊர் ஊராக, மலை மலையாக ஒரு வாரம் போகிற வீடியோ ஒன்றைப் பார்த்தேன். அன்றிலிருந்து வேறு எதிலும் மனம் போகவில்லை.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் அப்பாவின் தாத்தா ஒரு தோட்டத்தில் துரையின் குதிரைக்காரர். புல் வெட்டி, தேய்த்து, லாயம் கழுவி, துரை மலை பார்க்கப் போகும்போது குதிரைக்குப் பின்னாலேயே ஓடியவர். துரை இறங்கினால் இவர் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட அந்தக் குதிரையில் அவரை ஏற விட்டதில்லை என்று அப்பா சொல்வார். குதிரையின் வாயில் போடுகிற கடிவாள இரும்பு ஒன்று எங்கள் லயத்து வீட்டில், சாமிப் படத்துக்குப் பக்கத்து ஆணியில் இன்றைக்கும் தொங்குகிறது. சின்ன வயதில் அதைத் தொட்டால் அடி விழும்.

எனக்கு வயது 41. குதிரை அனுபவம் என்றால் நுவரெலியாவில் கிரகரி வாவிப் பக்கம் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வர, பத்து நிமிடம் இருந்ததுதான். இதை வைத்துக்கொண்டு ஸ்பெயினில் ஒரு வாரம் போக முடியுமா? எந்தப் பக்கம், எந்த மாதம் நல்லது? மாட்டிறைச்சி சாப்பிட மாட்டேன், வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும்தான், அங்கே என்ன கிடைக்கும்? தெரிந்தவர்கள் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

மலைக்காற்று

வணக்கம் டீச்சர். நான் பண்டாரவளைக்காரன், ஒன்பது வருடமாக வலென்சியாவில் வேலை. ஸ்பெயினில் இரண்டு தடவை இப்படிக் குதிரைப் பயணம் போயிருக்கிறேன், அதில் ஒன்று நன்றாக அமைந்தது, மற்றது அமையவில்லை. இரண்டையும் சொல்கிறேன்.

போகலாம், ஆனால் வீடியோவில் நீங்கள் பார்த்த பயணத்துக்கு இப்போதைக்குப் போகாதீர்கள். அது தினமும் ஊர் மாறிக்கொண்டே போகிற பயணம். ஒரு நாளில் நாலு முதல் ஆறு மணி நேரம் சேணத்தில் இருக்க வேண்டும், 20, 30 கிலோமீட்டர் போவார்கள், இடையில் வலி எடுத்தால் நிற்க இடமில்லை, ஏனென்றால் அன்றைய படுக்கை அடுத்த ஊரில் இருக்கிறது. இன்னொரு வகையில் ஒரே பண்ணையில் தங்கி, காலையில் ஒரு பக்கம், மறுநாள் வேறு பக்கம் என்று போய்த் திரும்புவார்கள். முடியாத நாளில் நீங்கள் அறையிலேயே இருந்துவிடலாம், யாருக்கும் தொந்தரவில்லை. முதல் தடவை போகிறவருக்கு அதுதான் சரி.

இடம் கேட்டீர்கள். என்னைக் கேட்டால் அல்புஹாராதான். கிரனாடாவுக்குத் தெற்கே சியரா நெவாடா மலையின் தென்சரிவு. பம்பனெய்ரா, பூபியோன், கப்பிலெய்ரா என்று மூன்று வெள்ளை ஊர்கள் ஒரே பள்ளத்தாக்கில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இருக்கின்றன. பூபியோன் கிட்டத்தட்ட 1,300 மீட்டர் உயரம், அதாவது நம்ம ஹட்டன் உயரம்தான். தலைக்கு மேலே முல்ஹசேன் சிகரம் 3,479 மீட்டர், மே மாதத்திலும் உச்சியில் பனி தெரியும். சரிவெல்லாம் படிக்கட்டு வயல்கள். அவற்றுக்கு நடுவே தண்ணீர் ஓடுகிற வாய்க்கால்கள். முஸ்லிம் அரசர்கள் ஆண்ட காலத்தில் வெட்டியவை, பல நூறு வருடம் கழிந்தும் இன்னும் தண்ணீர் பாய்கிறது. அந்த வாய்க்கால் ஓரமாகக் குதிரை ஒற்றை வரிசையில் போகும். முதல் நாள் அதைப் பார்த்ததும் நம்ம தோட்டத்துக் கான்கள்தான் ஞாபகம் வந்தன. எங்கள் அப்பா கான் வெட்டியவர்.

ஒரு விஷயத்தை நான் மறக்கவே மாட்டேன். ஊர் நுழைவில் கல்தொட்டி இருக்கும், நம்ம பீலி மாதிரிக் குழாயிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். நான் ஏறியிருந்த சாம்பல் நிறப் பெண்குதிரை அதில் வாயை வைத்தது. சத்தமே இல்லை. ஒவ்வொரு மிடறு விழுங்கும்போதும் அதன் இரண்டு காதுகளும் ஒரு தடவை பின்னால் போய் முன்னால் வந்தன. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன், முப்பதைத் தாண்டியது. அது குடித்து முடிக்கும்வரை வழிகாட்டியும் கடிவாளத்தை இழுக்கவில்லை, எங்களையும் இழுக்க விடவில்லை.

இனிச் சரியில்லாத பயணம். செவில்லாவுக்குப் பக்கத்துச் சமவெளியில், ஜூலை மாதம். ஸ்பெயினின் தென்பகுதியான அந்தலூசியாவின் உள்பகுதி ஜூலை, ஆகஸ்டில் 40 பாகை தாண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள், லீவு அப்போதுதான் கிடைத்தது என்று போய்விட்டேன். காலை ஆறரைக்குப் புறப்பட்டுப் பத்தரைக்கே திரும்ப வேண்டியிருந்தது. அதோடு எனக்கு அனுபவம் குறைவு என்று எழுதிக் கொடுத்திருந்தும், அந்த இடத்தில் மிரளுகிற ஒரு இளம் குதிரையைத் தந்தார்கள். மூன்றாம் நாள் வயலில் பறந்த பிளாஸ்டிக் பையைப் பார்த்து அது பக்கவாட்டில் துள்ளியது, நான் விழுந்து மணிக்கட்டு விரிசல், ஆறு கிழமை கட்டு. ஆகவே குதிரை பிடிக்கவில்லை என்றால் முதல் நாளே, முதல் ஒரு மணி நேரத்திலேயே வேறு குதிரை கேளுங்கள். கூச்சப்படாதீர்கள். ஏப்ரல் கடைசி முதல் ஜூன் நடுப்பகுதி வரை, இல்லாவிட்டால் செப்டம்பர், அக்டோபர், இவைதான் மாதங்கள்.

சாப்பாடு: 'தெர்னேரா' என்றால் மாட்டிறைச்சி, 'ரபோ தெ தோரோ' என்றால் மாட்டு வால் குழம்பு, இரண்டையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 'போயோ' கோழி. 'சின் கார்னே', இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் பன்றித் தொடையைத் தூவிக் கொண்டுவருவார்கள், அதை அவர்கள் இறைச்சிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, ஆகவே 'சின் ஹாமோன்' என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். பருப்புக் குழம்பிலும் பெரும்பாலும் பன்றிச் சொசேஜ் கிடக்கும். வெள்ளிக்கிழமைக்குக் கீரையும் கொண்டைக்கடலையும் சேர்த்துச் சமைப்பது, கத்தரிக்காய் பொரித்துப் பாணி ஊற்றுவது, குளிர்ந்த தக்காளி சூப் எல்லாம் இருக்கின்றன. முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் உருளைக்கிழங்கு ஒம்லெட் எந்த ஊரிலும் கிடைக்கும். மத்தியானச் சாப்பாடு இரண்டு, மூன்று மணிக்கு, இரவுச் சாப்பாடு ஒன்பதுக்குப் பிறகுதான். பையில் பிஸ்கட் இருக்கட்டும்.

லாயத்துத் தம்பி

டீச்சர், நான் நுவரெலியாவில் மட்டக்குதிரை வைத்து வாவிப் பக்கம் ஓட்டுகிறேன். என்னிடம் நாலு இருக்கின்றன. ஸ்பெயினை நான் கண்டதில்லை, குதிரையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு நாங்கள் கூட்டிப்போவது குதிரையேற்றம் இல்லை டீச்சர். அதில் குதிரை என் பேச்சைத்தான் கேட்கிறது, மேலே யார் இருக்கிறார்கள் என்பது அதற்கு முக்கியமில்லை. ஆறு மணி நேரம் இருக்க வேண்டும் என்றால் இடுப்பும் தொடையும் வேறு மாதிரிப் பழக வேண்டும். நடையில் யாரும் இருந்துவிடுவார்கள். நடைக்கு அடுத்த வேகமான துள்ளோட்டம் வந்ததும் தெரியும், முதுகுத்தண்டு கழுத்து வரைக்கும் இடிக்கும். ஒரு துள்ளலுக்கு எழுந்து, அடுத்த துள்ளலுக்கு மெதுவாக இருந்து, எழுந்து, இருந்து என்று தாளம் பிடிக்க வேண்டும். அந்தத் தாளம் உடம்பில் ஏற குறைந்தது எட்டு, பத்து வகுப்பாவது வேண்டும். குதிகாலைக் கீழே அழுத்துங்கள், கால்விரல் நுனி மேலே. அங்கவடிக்குள், அதாவது கால் வைக்கிற வளையத்துக்குள், பாதத்தை முழுக்க நுழைக்காதீர்கள், விழுந்தால் கால் மாட்டி இழுத்துக்கொண்டு போகும். கொஞ்சமாவது குதி உள்ள, அடிப்பாகம் வழுவழுப்பான சப்பாத்து வேண்டும், ரப்பர் பல் வைத்த மலை ஏறுகிற சப்பாத்து வேண்டாம்.

இன்னொன்று. வயிற்று வாரை இறுக்கும்போது சில குதிரைகள் மூச்சைப் பிடித்து வயிற்றை உப்ப வைக்கும். இறுக்கிவிட்டோம் என்று நினைத்து ஏறுவோம், பத்து நிமிடத்தில் வார் தளர்ந்து சேணம் பக்கவாட்டில் சரியும். எங்கே போனாலும், யார் கட்டிக்கொடுத்தாலும், பத்து நிமிடம் நடந்தபிறகு நிறுத்தி வாருக்குள் விரல் விட்டுப் பாருங்கள். இரண்டு விரல் சிரமப்பட்டு நுழைந்தால் சரி. நாலு விரல் போனால் இறங்கி இறுக்கச் சொல்லுங்கள்.

உங்கள் பாட்டனாரைப் பற்றி எழுதியதை என் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எங்கள் குடும்பத்திலும் ஒருவர் நுவரெலியா ரேஸ்கோர்ஸ் லாயத்தில் வேலை செய்தவர். அந்த ரேஸ்கோர்ஸ் 1875இல் தொடங்கியது, இன்றைக்கும் ஏப்ரல் சீசனில் ஓட்டம் நடக்கிறது. அந்தக் குதிரைகளைக் கழுவித் தீனி வைத்தவர்களில் எத்தனையோ பேர் நம்ம ஆட்கள், ஒருவர் பெயரும் எந்தப் பலகையிலும் இல்லை.

பதுளைப் பிள்ளை

அக்கா, நான் விசா வேலை பார்க்கிற அலுவலகத்தில் இருக்கிறேன். ஒரு விஷயத்தில் நிறையப் பேர் பிழை விடுகிறார்கள், அதை முதலில் சொல்கிறேன். ஷெங்கன் விசா என்பது பிரான்ஸ், ஸ்பெயின் உட்பட ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசா. அதற்கு, எந்த நாட்டில் கூடுதல் நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். தங்கச்சி வீட்டில் இரண்டு கிழமை, ஸ்பெயினில் ஒரு கிழமை என்றால் பிரான்ஸ். இரண்டும் சமமான நாட்கள் என்றால் முதலில் எந்த நாட்டுக்குள் நுழைகிறீர்களோ அது. குதிரைப் பயணம்தான் முக்கிய காரணம் என்று நினைத்து ஸ்பெயினுக்குப் போட்டுவிட்டு, டிக்கட்டில் பாரிஸில் பதினைந்து நாள் காட்டினால் கேள்வி வரும்.

பயணத் திகதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி மாதம்வரை காத்திருக்க வேண்டாம். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. பாஸ்போர்ட் பத்து வருடத்துக்குள் எடுத்ததாக, திரும்பி வந்தபிறகும் மூன்று மாதமாவது செல்லுபடியாகிறதாக இருக்க வேண்டும். பாடசாலையிலிருந்து லீவு அனுமதிக் கடிதம் கட்டாயம் வையுங்கள், திரும்பி வருவீர்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

காப்புறுதி 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது என்பது விசாவுக்கான விதி. விசாவுக்கு அது போதும், குதிரைக்குப் போதாது. சாதாரணப் பயணக் காப்புறுதி பலவற்றில் குதிரையேற்றம் சேராது, சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். மலைக்காற்று அண்ணாவுக்கு உடைந்த மாதிரி மணிக்கட்டு உடைந்தால் முழுச் செலவும் உங்கள் தலையில். எடுக்கும்போதே குதிரையேற்றம் உண்டா, ஹெல்மட் போட்டிருந்தால்தான் காசு தருவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாயால் சொன்னதை நம்பி வந்து அழுதவர்களை நான் மேசைக்கு முன்னால் பார்த்திருக்கிறேன்.

கொட்டகலை டீச்சர்

எல்லோருக்கும் நன்றி, இரவெல்லாம் திரும்பத் திரும்ப வாசித்தேன். பிரான்ஸ் விசா என்பது எனக்குத் தெரியவே தெரியாது, தங்கச்சிக்கும் தெரியாது.

மலைக்காற்று தம்பி, இன்னும் ஒன்று கேட்க வேண்டும். வீடியோவில் அவர்கள் வேலி இல்லாமல், கேட்டுத் திறக்காமல், மணிக்கணக்காகப் போய்க்கொண்டே இருந்தார்கள். அது யாருடைய நிலம்? இங்கே எங்கள் பிள்ளைகள் பாடசாலைக்கு வருகிற குறுக்குப்பாதையைக்கூடத் தோட்டத்தில் ஒருநாள் திடீரென்று கம்பி கட்டி மூடினார்கள். திறக்க மூன்று மாதம் அலைந்தோம். அங்கே எப்படி யாரும் தடுக்காமல் விடுகிறார்கள்?

அப்புறம் அந்தக் கடிவாள இரும்பு. அதைத் துடைத்துக் கொண்டுபோய், அங்கே நான் ஏறுகிற குதிரைக்கு ஒரு நாளாவது போட முடியுமா?

மலைக்காற்று

டீச்சர், இந்தக் கேள்வியை நானும் முதல் பயணத்தில் வழிகாட்டியிடம் கேட்டேன், அன்றைக்கு அவர் குதிரையை நிறுத்தியே விளக்கம் சொன்னார். ஸ்பெயினில் 'கன்யாதா' என்று ஆட்டுமந்தைப் பாதைகள் இருக்கின்றன. கோடையில் வடக்கு மலைக்கும் குளிரில் தெற்குச் சமவெளிக்கும் ஆயிரக்கணக்கான செம்மறிகளை ஓட்டிப்போன பாதைகள். 1273இல் பத்தாம் அல்போன்சோ என்ற அரசர் மந்தைக்காரர் சங்கத்துக்குச் சாசனம் கொடுத்தார், அந்தப் பாதைகளை யாரும் உழவோ அடைக்கவோ கூடாது என்று பாதுகாப்பு வந்தது. பெரிய பாதையின் அகலம் ஏறக்குறைய 75 மீட்டர். யோசித்துப் பாருங்கள், நம்ம ஊர்ப் பிரதான வீதி எத்தனை மடங்கு அதற்குள் அடங்கும். மந்தை மேய்ந்துகொண்டே நகர வேண்டும் என்பதால் அத்தனை அகலம்.

இப்போது மந்தை குறைந்துவிட்டது, ஆனால் பாதை அப்படியே இருக்கிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி அவை பொதுச் சொத்து, விற்க முடியாது, எத்தனை வருடம் ஒருவர் பிடித்து வைத்திருந்தாலும் சொந்தமாகாது. மந்தைக்கு அடுத்தபடியாக நடக்கிறவருக்கும் குதிரையில் போகிறவருக்கும் உரிமை உண்டு என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. நாடு முழுக்கச் சேர்த்தால் 1,25,000 கிலோமீட்டர் அளவு வரும். அதிலும் சில இடங்களில் வேலி போட்டுவிட்டார்கள், வழக்கு நடக்கிறது. ஆனால் பெரும்பாலும் நீங்கள் யாரிடமும் உத்தரவு கேட்காமல் போகலாம். எங்கள் அப்பா துரை பங்களாப் பாதையில் நடக்கக்கூடக் கேட்டுத்தான் நடந்தார், ஆகவே அந்தப் பாதையில் போனபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்கு விளங்கும்.

இந்தப் பாதையை அதன் முழு அழகில் பார்க்க அல்புஹாராவைவிட எஸ்த்ரமதூரா நல்லது. போர்த்துக்கல் எல்லைப் பக்கம். ஓக் மரங்கள் தள்ளித் தள்ளி நிற்கும், கீழே புல், கறுப்புப் பன்றிகள் உதிர்ந்த ஓக் கொட்டையைத் தின்றுகொண்டு திரியும். தரை ஏற்ற இறக்கம் குறைவு என்பதால் புதிதாகக் கற்றவருக்கு உடம்பு நோவும் குறையும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், உங்களுக்கு அல்புஹாராவை இரண்டாம் தடவைக்கு வைத்துவிட்டு எஸ்த்ரமதூராவைத்தான் சொல்லுவேன், என் முந்தைய பதிலை மாற்றிக்கொள்கிறேன்.

அங்கே சேணமும் வேறு. மாட்டுக்காரர்களின் சேணம், முன்னும் பின்னும் உயரம், மேலே ஆட்டுத்தோல் விரித்திருப்பார்கள், அங்கவடி இரும்புப் பெட்டி மாதிரிப் பெரிது. நீண்ட நேரத்துக்கு நம்ம ஊர்ச் சேணத்தைவிடச் சுகம். கடிவாளத்தை ஒற்றைக் கையால் பிடித்து, கழுத்தில் வார் படுகிற பக்கத்தை வைத்துக் குதிரை திரும்பும். இரண்டு கையாலும் இழுத்துப் பழகினால் முதல் நாள் குழம்பும், பயப்பட வேண்டாம். 'டெஸ்பாசியோ', அதாவது மெதுவாக. இந்த ஒரு சொல்லை மனப்பாடம் செய்யுங்கள், வழிகாட்டி ஓட்டத்துக்குப் போகும்போது உரக்கச் சொன்னால் முழு வரிசையும் நடைக்கு வரும். ஈஸ்டருக்கு ஏழு கிழமை கழித்து வருகிற பெந்தெகொஸ்தே கிழமையில் மட்டும் அந்தலூசியாவில் உள்ள எல் ரொசியோ என்ற ஊர்ப் பக்கம் அறை தேடாதீர்கள். நம்ம கதிர்காமத் திருவிழா மாதிரி, கிட்டத்தட்டப் பத்து லட்சம் பேர் நடந்தும் குதிரையிலும் மாட்டு வண்டியிலும் மாதா கோயிலுக்கு வருவார்கள். மற்ற நாளில் போய்ப் பாருங்கள். தெருவெல்லாம் மணல்தான், வீட்டு வாசலில் குதிரை கட்ட மரச்சட்டம் இருக்கும்.

லாயத்துத் தம்பி

கடிவாள இரும்பைப் பற்றி நான் சொல்கிறேன் டீச்சர். குதிரைக்குப் போட வேண்டாம். பழைய இரும்பில் துரு தின்று சின்னச் சின்னக் குழி விழுந்திருக்கும், குதிரையின் நாக்கும் வாய் ஓரமும் உங்கள் கண் இமை மாதிரி மெல்லிய தோல், கிழித்துவிடும். அளவும் குதிரைக்குக் குதிரை வேறு. ஒரு விரற்கடை கூடினால் ஆடும், குறைந்தால் கிள்ளும். அங்குள்ளவர்களும் சம்மதிக்க மாட்டார்கள், அது சரியும்கூட.

ஆனால் பையில் கொண்டுபோங்கள். துணியில் சுற்றி, விமானத்தில் கையில் வைத்திருக்கிற பையில் இல்லாமல் மற்றப் பெட்டியில் போடுங்கள். அங்கே சேணத்தில் பை கட்ட வளையம் இருக்கும். அதில் கட்டிக்கொண்டு போகலாம், குதிரைக்கு ஒரு நோவும் இல்லை.

ஸ்பெயினுக்கு முன்னால் செய்ய வேண்டியது. கொழும்புப் பக்கம் முறையாகச் சொல்லிக்கொடுக்கிற பள்ளிகள் இருக்கின்றன, பாடசாலை லீவில் ஒரு கிழமை தங்கித் துள்ளோட்டம்வரை பழகிவிடுங்கள். அதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் இங்கே வரலாம், காலை ஆறரைக்கு, சுற்றுலாப் பயணிகள் வருவதற்குள். காசு வேண்டாம். முதல் இரண்டு வாரம் ஏற விட மாட்டேன், இப்போதே சொல்லிவிடுகிறேன். தேய்ப்பது, குளம்புக்குள் கல் எடுப்பது, வார் கட்டுவது, பக்கத்தில் நடப்பது. அதைப் படித்துவிட்டு ஏறினால் குதிரை உங்களை வேறு மாதிரித் தாங்கும். மூன்றாம் ஞாயிறு கயிறு இல்லாமல் ஏறுவீர்கள்.

வரும்போது அந்த இரும்பை எடுத்து வாருங்கள். நடுவில் மூட்டு இருக்கிறதா, பக்கத்தில் வளையமா நீளக் கம்பியா என்று பார்த்தால் எப்படிப்பட்ட குதிரைக்குப் போட்டது என்று ஓரளவு சொல்லலாம். அகலத்தை அளந்தால் மட்டக்குதிரையா பெரிய குதிரையா என்பதும் தெரியும். மண்ணெண்ணெயில் ஊற வைக்காதீர்கள், வெந்நீரும் பழைய துணியும் போதும். ஏப்ரல் சீசனுக்கு முன்னால் தொடங்கினால்தான் எனக்கு நேரம் இருக்கும், வருகிற ஞாயிறே வாருங்கள். மழை என்றாலும் வாருங்கள், லாயத்துக்குக் கூரை இருக்கிறது.

கொட்டகலை டீச்சர்

ஞாயிறு வருகிறேன் தம்பி. அப்பாவும் வருவதாகச் சொல்கிறார், 74 வயது, ஏற மாட்டார், பக்கத்தில் நிற்க வேண்டுமாம். இன்று காலை அவரே ஆணியிலிருந்து அந்த இரும்பைக் கழற்றி என் கையில் தந்தார். நடுவில் மூட்டு இருக்கிறது, இரண்டு பக்கமும் வளையம். கையில் இருந்த அடிமட்டத்தால் அளந்து பார்த்தேன், வளையத்துக்கும் வளையத்துக்கும் நடுவே பதின்மூன்றரை சென்டிமீட்டர்.